ஜாதகம் மட்டும் சிக்கும் பிரிண்டர்

கொல்கத்தா - 29
14-9-2003, ஞாயிறு

சிரஞ்சீவி கோபுவுக்கு அப்பாவின் ஆசீர்வாதம். டொராண்டோவில் நீ நன்றாக இருக்க காளிகாட் அம்பாளை வேண்டிக்கொள்கிறேன். இங்கே நான், உன் அம்மா, மாதவி மூவரும் சௌக்கியம், நீ வாங்கி வைத்துவிட்டுப் போன பிரிண்டருக்குத்தான் சௌக்கியமில்லை. வியாழக்கிழமை போனில் நீ சிரித்த சிரிப்பைக் கேட்டால் உனக்கு ஒரு குறையும் இல்லை என்று தெரிகிறது. அந்தச் சிரிப்புக்குப் பிறகு வருகிறேன். இது கோபத்தில் எழுதும் கடிதம், கையெழுத்து முன்னே பின்னே இருக்கும், பொறுத்துக்கொண்டு படி.

டிசம்பரில் வந்தபோது நீ என்ன சொன்னாய்? ஜாதகத்தை இனிமேல் கையால் எழுத வேண்டாம், கம்ப்யூட்டரில் ஒரு தரம் அடித்து வைத்தால் யார் கேட்டாலும் ஒரு நிமிஷத்தில் எடுத்துக் கொடுக்கலாம் என்றாய். ஜூன் மாதத்திலிருந்து மாதவியின் ஜாதகம் ஒன்றுகூட முழுசாக வெளியே வரவில்லை. உன் அம்மா சாமி அறையிலிருந்து காகிதத்தைக் கொண்டுவந்து மாதவியிடம் கொடுப்பாள், மாதவி அதைப் பிரிண்டரில் வைப்பாள், கரகரவென்று ஒரு சத்தம், உடனே அப்பா பேப்பர் மாட்டிண்டுடுத்து என்று குரல் வரும். நான் முதுகுவலியோடு மேஜையடியில் குனிந்து பிளக்கைப் பிடுங்கிவிட்டு, பின்பக்க மூடியைத் திறந்து, நீ சொல்லிக் கொடுத்தபடி காகிதம் போகிற திசையிலேயே இரண்டு கையாலும் மெதுவாக இழுப்பேன். எத்தனை மெதுவாக இழுத்தாலும் மூலை கிழிந்து உள்ளே நின்றுவிடும். அதை எடுக்க உன் அம்மாவின் புருவ இடுக்கி. பிறகு ரப்பர் உருளைகளை ஈரத்துணியால் துடைத்துக் காயவிட வேண்டும். இதற்கு நடுவில் காளிகாட்டில் ஒரு கடையில் கறுப்பு கார்ட்ரிட்ஜில் ஊசி போட்டு மை நிரப்பி வாங்கிவந்தேன், அளவுக்கு மேல் நிரப்பிவிட்டான், அது ஒழுகி மேஜைவிரிப்பு, என் வேஷ்டி, லக்ஷ்மிநாராயணனுக்காக எடுத்து வைத்திருந்த கவர் எல்லாம் கறுப்பு. அவர் தன் பிள்ளைக்குப் பெண் பார்க்க மெட்ராஸிலிருந்து வந்து லேக் மார்க்கெட்டில் தங்கை வீட்டில் தங்கியிருக்கிறவர், புதன்கிழமை ரயிலேறுகிறார். ஆவணி முடிவதற்குள் ஜாதகம் அவர் கைக்குப் போய்விட வேண்டும் என்று உன் அம்மா என்னைப் பிடுங்கி எடுத்துவிட்டாள்.

இதில் என்னை மண்டையைப் பிய்த்துக்கொள்ள வைத்தது எது தெரியுமா, பென்ஷன் ஆபீஸுக்கு நான் எழுதும் கடிதமெல்லாம் ஒரு சிக்கலும் இல்லாமல் வருகிறது, ஜாதகம் மட்டும்தான் மாட்டுகிறது. கிரகம் சரியில்லை என்று உன் அம்மா சனிக்கிழமை தோறும் எள் விளக்கு ஏற்றினாள். எனக்கு விளக்கில் நம்பிக்கையில்லை. இழுத்த காகிதத்தின் மூலைகளிலும் உருளையிலும் மஞ்சள் கறை இருந்தது, கலர் கார்ட்ரிட்ஜ்தான் ஒழுகுகிறது என்று முடிவு கட்டி இரண்டு முறை புதுசு போட்டேன். மழைக்கால ஈரமும் சேர்ந்திருக்கும் என்று காகிதக் கட்டை பிளாஸ்டிக்கில் சுற்றி அரிசி டின்னுக்குப் பக்கத்தில் வைத்தேன். மாதவி பக்கத்தில் நின்று, இருக்கும்ப்பா, இருக்கும் என்று தலையை ஆட்டினாள். ஜாதவ்பூரில் நாற்பது பேருக்குக் கம்ப்யூட்டர் சொல்லித் தருகிறவள் அவள்.

நேற்று தபன் என்கிற மெக்கானிக்கை வீட்டுக்கு வரவழைத்தேன். மூடியைத் திறந்தான், உருளையை விரலால் தடவினான், விரலை மோந்து பார்த்தான். மேஷோமொஷாய் என்று மாமா முறை சொல்லிக் கூப்பிட்டு, இதன்மேல் வைத்து மீனுக்கு மசாலா தடவினீர்களா என்று கேட்டான். நம் வீட்டில், என்னிடம். மையில்லை, சமையல் மஞ்சள், உருளை முழுக்கப் பசையாகக் காய்ந்திருக்கிறது என்று வழித்துக் காட்டினான். அவன் போன பிறகு உன் அம்மாவைக் கேட்டேன். அவள் கொஞ்சமும் தயங்காமல், மஞ்சள் தடவாத ஜாதகத்தை எப்படி வெளியில கொடுக்கறது, பிரிண்ட் போட்டப்புறம் தடவினா எழுத்தெல்லாம் கரைஞ்சுடறது, முன்னாடியே நாலு மூலையிலும் தடவிக் குடும்மான்னு மாதவிதான் சொன்னா என்றாள். வெற்றுக் காகிதத்தில் ஈர மஞ்சளைத் தடவி யாராவது மிஷினுக்குள் விடுவார்களா? உன் அம்மாவுக்குத் தெரியாது. எனக்குத் தெரிய வாய்ப்பில்லை. மாதவிக்குத் தெரியாதா?

உனக்கும் தெரிந்திருக்கிறது. வியாழக்கிழமை போனில் எல்லாக் கேள்வியும் கேட்டுவிட்டு, காகிதம் காய்ஞ்சிருக்கான்னு பாருங்கோப்பா என்று சொல்லிச் சிரித்தாய், உடனே அவள் என் கையிலிருந்து ரிசீவரை வாங்கிக்கொண்டாள். அப்போது எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. அண்ணனும் தங்கையுமாகச் சேர்ந்து மூன்று மாதம் என்னை அந்தப் பெட்டிக்கு முன்னால் தோப்புக்கரணம் போட வைத்திருக்கிறீர்கள். இந்த வரன் வேண்டாம், இப்போது கல்யாணமே வேண்டாம் என்று அவள் ஒரு வார்த்தை என்னிடம் சொல்லியிருக்கலாமே. சொன்னால் கேட்டிருப்பீர்களா என்று நீ கேட்பாய். கேட்டிருக்க மாட்டேன். கத்தியிருப்பேன். அதற்காகச் சொல்லாமலே இருப்பதா? வங்கியில் முப்பத்திரண்டு வருஷம் யார் யாரோ என்னிடம் வந்து தங்கள் கஷ்டத்தைச் சொல்லியிருக்கிறார்கள், என் பெண் மஞ்சளைத் தடவச் சொல்லி, மிஷினைச் சொல்ல வைத்திருக்கிறாள்.

இன்று காலை உன் அம்மா காய் வாங்கப் போயிருந்தபோது உருளையைத் துடைத்து, காய்ந்த காகிதம் ஒன்றை வைத்து நானே பிரிண்ட் போட்டேன். மாட்டவில்லை, ஒழுகவில்லை. ராசிக் கட்டம், நவாம்சக் கட்டம் இரண்டும் அச்சுப் போல வந்தன. சத்தம் கேட்டு மாதவி ஈரத் தலையோடு வாசற்படியில் வந்து நின்றாள். வந்துடுத்தாப்பா என்று மட்டும் கேட்டாள். இருபத்தேழு வருஷத்தில் அவள் பயந்து பேசி நான் கேட்டதில்லை, அல்லது கவனித்ததில்லை. ஆமாம் என்றேன். அவள் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

அந்தக் காகிதத்தை இந்தக் கவரில் வைத்திருக்கிறேன். கம்ப்யூட்டரில் இருந்ததையும் அழித்துவிட்டேன். லக்ஷ்மிநாராயணனிடம் நாளை நானே போய்ச் சொல்லிவிட்டு வருகிறேன். என்ன காரணம் என்று நீ எனக்கு எழுத வேண்டாம், என்னிடம் வந்து அவளே சொல்லட்டும், அதுவரை நான் கத்தாமல் இருந்து பழகிக்கொள்கிறேன். அவளாகக் கேட்கிற வரைக்கும் ஜாதகம் உன்னிடமே இருக்கட்டும்.

குளிர் வரப்போகிறது, காதை மூடிக்கொண்டு வெளியே போ. வேளைக்குச் சாப்பிடு. தீர்க்காயுசாக இரு. உன்மேல் கோபம் தீரவில்லை, தீர்ந்ததும் தெரிவிக்கிறேன். முக்கியமாக ஒன்று, அம்மாவிடம் பிரிண்டர் இன்னும் சரியாகவில்லை என்றுதான் சொல்லியிருக்கிறேன். இது கைக்கு வந்தபின் போன் பண்ணும்போது நீயும் அப்படியே சொல்ல வேண்டும், சிரிக்கக் கூடாது. உள்ளே இருக்கும் காகிதத்தில் நான் மஞ்சள் தடவவில்லை.

இப்படிக்கு,
உன் அப்பா
வைத்தீஸ்வரன்