இளஞ்சிவப்புத் தாளும் கருவேலங்காடும்

இன்று காலை கணினியைத் திறந்தால் முதல் படமே அந்த இளஞ்சிவப்புத் தாள்தான். ஓரமெல்லாம் மங்கி, மேலே இரண்டு ஓட்டைகளோடு, தட்டச்சு எழுத்துகள் லேசாகச் சாய்ந்து நின்றன. எனக்குக் கை ஓடவில்லை. உன்னைத்தான் நினைத்தேன். வேறு யாரை நினைப்பேன்? அந்தத் தாளுக்காகச் சண்டை போட்ட ஒரே ஆள் நீதானே.

இப்போது எனக்கு வீட்டிலிருந்தே வேலை. எந்திரம் படித்து வைத்ததைச் சரிபார்த்துக் கொடுக்க வேண்டும். எந்திரம்தான் புதுசு, தாள்கள் அதே தாள்கள். வியட்நாம் போர் நடந்த காலத்தில் அமெரிக்காவை ஆண்ட அதிபரின் அலுவலகக் கோப்புகள். அந்த மனிதர் செத்து எத்தனையோ காலம் ஆகிவிட்டது. அவருக்கு யார் என்ன எழுதினார்கள், அவர் யாருக்கு என்ன பதில் சொன்னார் என்பதை எல்லாம் விருதுநகரில் உட்கார்ந்து நாம் இன்னும் தட்டிக்கொண்டிருக்கிறோம். நாம் என்று எழுதிவிட்டேன் பார். பழக்கம் விடவில்லை.

ஹார்டுவேர் கடைக்கு மேலே இருந்த நம் கம்பெனி உனக்கு ஞாபகம் இருக்கும். கீழே இரும்புக்கம்பி இறக்கும்போது மேலே நம் மேசை எல்லாம் அதிரும். அமெரிக்காவில் ஏதோ ஒரு பதிப்பகம் இந்தக் கோப்புகளைப் படம் பிடித்து நூலகங்களுக்கு விற்கிறது என்றும், ஒவ்வொரு தாளுக்கும் எழுதியவர், பெற்றவர், தேதி, விஷயம் நான்கையும் நாம் தட்டிக் கொடுக்க வேண்டும் என்றும் மேனேஜர் முதல் நாள் விளக்கினார். அந்த ஆர்டர் சென்னைக்கு வந்து, அங்கிருந்து நம் மாடிக்கு வந்திருந்தது. நீ தாயில்பட்டிக்குப் பக்கத்துக் கிராமத்திலிருந்து கிளம்பி, சிவகாசியில் பஸ் மாறி, ஆமத்தூர் வழியாக வந்து சேர்வாய். அஞ்சல் வழியில் படித்து வாங்கிய பட்டம். வந்து உட்கார்ந்ததும் முதலில் தண்ணீர், அடுத்து என்னை ஒரு வம்புக்கு இழுப்பது, அதற்குப் பிறகுதான் வேலை.

"ஏ பிள்ள, உங்க கர்த்தர்கிட்டச் சொல்லி இந்த வெள்ளைக்காரனுகளக் கொஞ்சம் சுருக்கமா எழுதச் சொல்லு. ஒரு விசயத்துக்கு எம்புட்டுத் தாளு!"

ஒரு பெட்டிக் கோப்பு முழுக்க நம் நாட்டுக் கோதுமைச் சமாச்சாரம் வந்தது. இங்கே மழை பொய்த்த வருஷங்கள். கப்பல் அனுப்பலாமா, கொஞ்சம் தாமதிக்கலாமா என்று அங்கே ஆளுக்கு ஆள் குறிப்பு எழுதியிருந்தார்கள். சிரிப்பாய் என்று நினைத்தேன். நீ சிரிக்கவில்லை. "எங்க அம்மா அந்தக் கோதுமையைத் தின்னுதான் வளந்துச்சாம். கப்பல் வருமா வராதான்னு இவன் அவன்ட்டக் கேட்டுக்கிட்டு இருந்திருக்கான். அன்னைக்குப் பட்டினி கிடந்தவுக பேரு இதுல ஒன்னு கூட இல்ல, பாத்தியா" என்றாய். எனக்கு அது தோன்றவே இல்லை. நான் தேதியை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அந்தப் பெட்டியில்தான் இளஞ்சிவப்புத் தாளை முதன்முதலாகப் பார்த்தோம். கோப்பிலிருந்து ஒரு தாளை ரகசியம் என்று எடுத்துவிட்டால் அந்த இடத்தைச் சும்மா விடுவதில்லை அவர்கள். அதற்குப் பதிலாக ஓர் இளஞ்சிவப்புத் தாளை வைத்துவிடுகிறார்கள். இங்கே இருந்தது என்ன வகைத் தாள், யார் யாருக்கு எழுதியது, எத்தனை பக்கம், என்ன காரணத்துக்காக எடுக்கப்பட்டது, எடுத்தவர் யார் என்று எல்லாம் அதில் இருக்கும். உள்ளே என்ன எழுதியிருந்தது என்பது மட்டும் இருக்காது. நீ அதைத் திரையில் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தாய். பக்கத்து மேசைக்காரி கூட என்னவோ என்று எட்டிப் பார்த்தாள்.

அன்று மதியம் டிபன் பாக்ஸைத் திறந்தபடி நீ சொன்ன கதையை நான் எத்தனை பேரிடம் சொல்லியிருக்கிறேன் தெரியுமா? பள்ளிக்கூடம் முடித்த கையோடு பட்டாசுக் கம்பெனிக்குப் போன கதை. சீசன் நெருங்கினால் நாலு பேர் உட்கார வேண்டிய அறையில் கூடுதலாக ஆட்களைத் திணிப்பார்கள். வருகைப் பதிவில் நாலு பேர்தான். ஆபீசர் ஜீப் வருகிறது என்று கேட்டிலிருந்து போன் வந்தால், மிச்சப் பேர் எல்லாம் பின்பக்கத்துச் சீமைக்கருவேலங்காட்டுக்குள் ஓட வேண்டும். ஜீப் போகும் வரை முள்ளுக்குள் குத்தவைத்து உட்கார்ந்திருக்க வேண்டும். யாராவது தும்மினால் மற்றவள் முந்தானையால் வாயைப் பொத்துவாளாம். "சோத்துச் சட்டியத் தூக்கிட்டு ஓடுறவ கெட்டிக்காரி. அங்கனயே உக்காந்து தின்னுருவா" என்று சொல்லிவிட்டு நீ புரையேறச் சிரித்தாய். நானும் சிரித்தேன்.

உடனேயே உன் முகம் மாறிவிட்டது. உன் பெரியம்மா மகள் ஒரு வெடிவிபத்தில் போனதை அப்போதுதான் சொன்னாய். பதிவில் இல்லாதவள். விறகு பொறுக்க வந்தவள் என்று சொல்லி முடித்துவிட்டார்கள்.

"ஒரு தாளை எடுத்ததுக்கு அவன் ஒரு தாளு வைக்கான். ஒரு பொம்பளைய எடுத்ததுக்கு இங்கன ஒன்னும் வைக்கல" என்றாய். தண்ணீரை எடுத்து உன் பக்கம் நகர்த்தி வைத்தேன்.

அதற்குப் பிறகுதான் உன் பிடிவாதம் தொடங்கியது. இளஞ்சிவப்புத் தாளை விட்டுவிட வேண்டும், அதைத் தட்டத் தேவையில்லை என்று ஆர்டரிலேயே எழுதியிருந்தது. நீ ஒன்று விடாமல் தட்டினாய். சரிபார்ப்பில் அத்தனையும் பிழையாக விழுந்து, உன் பெட்டி முழுக்கத் திரும்பி வந்தது. மேனேஜர் உன்னைக் கூப்பிட்டுவிட்டார். பாவம், அவரும் கத்துகிற ஆள் இல்லை.

"ஏம்மா, அவன்தான் வேண்டாங்கிறானே. இல்லாத தாளுக்கு நீங்க எதுக்கும்மா மெனக்கெடுறீக?"

"வேண்டாம்னு அவன் சொல்லட்டும் சார். இல்லைன்னு சொல்லாதீக. அது அங்கன இருந்துச்சு."

பெட்டி முழுவதையும் நீ மறுபடி தட்டினாய், மதியச் சாப்பாட்டு நேரத்தில், முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு. உனக்கு உதவ வந்த என்னையும் விரட்டிவிட்டாய். உன் கோபம் எனக்குப் பிடிக்கும். அதோடு உட்கார்ந்து சாப்பிடுவதுதான் கஷ்டம்.

கம்பெனி மூடியது நம் யார் குற்றமும் இல்லை. எந்திரமே தாளைப் படிக்கிறது என்றான பிறகு மாடி நிறைய ஆள் எதற்கு? என்னைப் போல் வீட்டில் கணினி வைத்திருந்த சிலருக்குச் சரிபார்க்கும் வேலை கிடைத்தது. உன் ஊரில் போன் பேசவே மொட்டைமாடிக்கு ஏற வேண்டும். உன் வீட்டுக்காரருக்கு லோடு ஏற்றி ஏற்றி இடுப்பு போயிருந்தது. நீ பட்டாசுக்கே திரும்பிப் போனாய். யாரோ லைசென்ஸ் வாங்கி, யாரோ உள்குத்தகைக்கு எடுத்து நடத்திய இடம். அது எந்த ஊர் என்று எழுத எனக்கு மனம் வரவில்லை. தீபாவளிக்கு முன்பு சிவகாசி பஸ் ஸ்டாண்டில் உன்னைப் பார்த்தேன். நகக்கண்ணிலிருந்து மணிக்கட்டு வரை அலுமினியப் பவுடர் மின்னியது. "என்ன பிள்ள, வெள்ளி வளையல் போட்ட மாதிரி இருக்கா?" என்று கையை நீட்டினாய். என் வீட்டுக்கு வந்து தங்கு, ஒரே கணினியில் ஆளுக்குப் பாதி நேரம் வேலை பார்ப்போம் என்றேன். "சீசன் முடியட்டும், வாறேன்" என்று சொல்லிவிட்டு பஸ் ஏறினாய்.

வெடிவிபத்துச் செய்தி வந்தபோது நான் சமையலறையில் நின்றிருந்தேன். இறந்தவர்கள் பெயரை டிவியில் வாசித்தார்கள். அதில் உன் பெயர் இல்லை. கர்த்தருக்கு நன்றி சொன்னேன். அந்த நன்றியை நினைத்தால் இப்போதும் வாய் கசக்கிறது. பதிவில் இருந்தவர்களின் பெயர்களை மட்டும்தான் வாசித்தார்கள். உன் வீட்டுக்காரர் ஆஸ்பத்திரி வாசலிலிருந்து போன் செய்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது.

காரியம் முடிவதற்குள் பட்டாசுக் கம்பெனி ஃபோர்மேன் உன் வீட்டுக்கு வந்துவிட்டான். நானும் அங்கே பெண்களோடு உட்கார்ந்திருந்தேன். குரலைத் தாழ்த்திப் பணிவாகத்தான் பேசினான்.

"அண்ணே, சொந்தக்காரப் பொண்ணுக்குச் சோறு குடுக்கப் போன எடத்துல இப்படி ஆயிப்போச்சுன்னு விசாரணையில சொல்லிருங்க. ஆளு கூடுதலா இருந்துச்சுன்னா கம்பெனியவே மூடிருவாக. எல்லாருக்கும் பொழப்புப் போயிரும்."

அவன் போன பிறகு உன் வீட்டுக்காரர் என்னைப் பார்த்து, "தங்கச்சி, அவ சோறு குடுக்கவா போனா?" என்று கேட்டார். அவருக்குப் பதில் தெரியும். வேறு ஒருவர் வாயால் கேட்க வேண்டியிருந்தது. "இல்லண்ணே, வேலைக்குப் போனா" என்றேன். அதற்குப் பிறகுதான் அவர் அழுதார்.

பேச்சியம்மாவைத் தேடிப் பிடித்தது அதற்குப் பிறகு. உன்னோடு அதே அறையில் பட்டாசுக் குழாய்களுக்குள் வெடிமருந்து செலுத்தியவள், உன்னைப் போலவே பதிவில் இல்லாதவள். கதவைச் சாத்திவிட்டுத்தான் வாயைத் திறந்தாள். அன்று கேட்டிலிருந்து போன் வந்ததாம். ஜீப் வருகிறது, ஓடு ஓடு என்று பதிவில் இல்லாதவர்கள் எல்லோரும் கருவேலங்காட்டுக்குள் ஓடியிருக்கிறார்கள். நீ எழுந்திருக்கவே இல்லையாம்.

"கையப் பிடிச்சு இழுத்தேன்க்கா. உதறிட்டா. 'நான் இங்கனதான வேலை பாக்கேன், நான் எதுக்கு ஓடணும்? வந்து பாக்கட்டும்'னு சொன்னா. நான் முள்ளுக்குள்ள போயி உக்காரல, அதுக்குள்ள..."

எதனால் தீப்பிடித்தது என்று யாருக்கும் தெரியாது. ஓடியவர்கள் எல்லோரும் பிழைத்தார்கள். பதிவில் இருந்தவர்கள் செத்தார்கள், அவர்களோடு நீ. வந்தது ஜீப் கூட இல்லை. சரக்கு ஏற்ற வந்த வேன். கேட்டில் இருந்தவன் தூரத்தில் தூசியைப் பார்த்துப் பயந்து போன் செய்திருக்கிறான்.

இதை விசாரணையில் சொல்ல முடியுமா என்று பேச்சியம்மாவிடம் கேட்டேன். "அவ உள்ள இருந்தான்னு சொல்லணும்னா, நான் உள்ள இருந்தேன்னு முதல்ல சொல்லணும். பெறகு எந்தக் கம்பெனிக்காரன் என்னையச் சேப்பான்? எனக்கும் பிள்ளைக இருக்குல்லக்கா" என்றாள். நியாயம்தான். அந்த நியாயத்தின் மேல் எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. பஸ் ஏறிவிட்டேன்.

விசாரணை நாளில் உன் வீட்டுக்காரரோடு நானும் போனேன். அதிகாரி பொறுமையான மனிதர், ரொம்பக் களைத்திருந்தார். நீ வேலைக்குத்தான் போனாய் என்று நான் சொன்னதும், "நீங்க கண்ணால பாத்தீங்களாம்மா?" என்று கேட்டார். இல்லை என்றேன். வேறு என்ன சொல்ல? ஃபோர்மேன் சுவரோரமாக நின்று போனைப் பார்த்துக்கொண்டிருந்தான். அந்த முகத்தைப் பார்த்ததும், அவ்வளவுதான், உன்னையும் விறகு பொறுக்க அனுப்பிவிட்டார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

அப்போதுதான் பேச்சியம்மா வந்தாள். தலையைச் சுற்றி முக்காடு போட்டிருந்தாள். ஃபோர்மேனைத் தாண்டித்தான் உள்ளே வர வேண்டும், தாண்டி வந்தாள். "நான் பாத்தேன்யா. நான் அந்த ரூமுல மருந்து செலுத்துனேன். அவ எனக்குப் பக்கத்துல உக்காந்து செலுத்துனா" என்றாள். ஒரு சொல்லையும் விழுங்கவில்லை. எழுத்தர் எழுதினார். வாசித்துக் காட்டச் சொன்னேன். உன் பெயர், உன் வேலை, அறைக்குள் இருந்தாய் என்பது, எல்லாவற்றையும் வாசித்தார்.

பேச்சியம்மாவை இந்தச் சீசனுக்கு யாரும் கூப்பிடவில்லை. வெயிலில் அதே சீமைக்கருவேலம் வெட்டிக் கரிமூட்டம் போடப் போகிறாள். அவளைப் பார்க்கப் போகும்போதெல்லாம் உன்னைத் திட்டுவாள். நானும் சேர்ந்து திட்டுவேன். ஊரில் உன்னை வீராங்கனை என்கிறார்கள். கேட்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. எனக்கு வீராங்கனை வேண்டாம். முள் குத்திய காலோடு, மூச்சிரைத்துக்கொண்டு, காட்டுக்குள் குத்தவைத்து என் காதில் விழும்படி அவர்களைக் கெட்ட வார்த்தையில் வைகிற நீ போதும்.

நீ உள்ளே இருந்தாய் என்று சொல்லவைக்க எத்தனை பஸ் ஏறி இறங்கினேன், எத்தனை பேர் வாசலில் நின்றேன். இப்போது அதைத் தாளில் எழுதியாகிவிட்டது, இனி யாரும் மாற்ற முடியாது. அதை நினைத்துக்கொண்டுதான் தூங்குகிறேன், அதை நினைத்துக்கொண்டுதான் விழிக்கிறேன். அன்றைக்கு மட்டும் நீ வெளியே இருந்திருக்கக் கூடாதா, பிள்ள?