முப்பத்தாறு மஞ்சள் கோடுகள்

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

உங்கள் மச்சான் எழுதிக்கொள்வது. நலம் விசாரிப்பதெல்லாம் பிறகு. இந்தக் கடிதம் உங்கள் கைக்கு வரும்போது உங்கள் தளத்தில் ட்ரெய்லரில் ஒரு கிரேன் வந்து நிற்கும், இல்லையென்றால் மறுநாள் வரும். அதில் நீங்கள் ஏறக் கூடாது. வேறு யாரையும் ஏறவிடவும் கூடாது. ஏன் என்று எழுதுகிறேன். படித்து முடிக்கும்வரை சாவி உங்கள் பையிலேயே இருக்கட்டும்.

காலையிலிருந்து ஏழு தடவை போன் போட்டேன், உங்கள் மலைக்கு எட்டவில்லை. தளத்து ஆபீஸ் எண் மட்டும் கிடைத்தது. எடுத்தவர், "பராமரிப்பு அட்டையெல்லாம் சரியாத்தானே இருக்கு, உங்களுக்கு என்ன பயம்?" என்று சிரித்துவிட்டு வைத்துவிட்டார். அதனால் உங்கள் பக்கம் ஃபில்டர் கொண்டுவரும் வேன் டிரைவரிடம் இதையும், அளவு வைத்து முறுக்கும் என் பெரிய ஸ்பானரையும் கொடுத்தனுப்புகிறேன்.

ஒரு கிரேன் எங்கள் யார்டை விட்டுத் தளத்துக்குப் போகுமுன் பராமரிப்புக்கு இரண்டு நாள் என்று நான் அட்டவணை போடுவேன். முதல் நாள் எண்ணெய், ஹோஸ், கம்பிக்கயிறு, பிரேக். இரண்டாம் நாள் முழுக்க, கேபினும் தூக்கும் கையும் இருக்கும் மேல்கூட்டைத் தாங்கிச் சுற்றும் பெரிய வளையத்தின் முப்பத்தாறு போல்ட். என்னோடு பதினோரு வருடமாக இருக்கும் ஃபிட்டர் முறுக்குவான். அவனுக்கு நாங்கள் வைத்த பெயர் நிதானம். ஒரு போல்ட்டுக்கு மூன்று தடவை மூச்சு வாங்குவான். அவன் பின்னாலேயே போய், போல்ட் தலையிலிருந்து வளையம் வரை மஞ்சள் பெயின்ட்டில் நான் ஒரு கோடு இழுப்பேன். போல்ட் தளர்ந்து திரும்பினால் கோடு விலகிக் காட்டிக்கொடுக்கும். முறுக்கியவனே கோடு போட வேண்டும் என்பதுதான் விதி. வேலை சீக்கிரம் முடியட்டும் என்று நாங்கள் அதைப் பங்கு போட்டுக்கொண்டோம்.

பதினைந்து நாளுக்கு முன்னால் மேனேஜர் ஒரே நாளில் இரண்டு கிரேன் போக வேண்டும் என்றார். ட்ரெய்லர் டிரைவர் வாசலில் நின்று ஹாரனை விடாமல் அடித்தான். உங்கள் வீட்டுக்காரி எனக்கு ரேடியேட்டர் என்று சும்மாவா பெயர் வைத்தாள்? கொதித்துவிட்டேன். காலரைப் பிடித்து அவனைக் கேபினிலிருந்து கீழே இழுத்தேன். அவன் என் வயிற்றில் உதைத்தான். நான் அவன் முகத்தைச் சக்கரத்தின் இரும்பில் மூன்று தடவை மோதினேன். முறுக்கிக்கொண்டிருந்த நிதானம் ஸ்பானரைப் போட்டுவிட்டு ஓடிவந்து என்னைப் பின்னாலிருந்து கட்டிப்பிடித்தான். யார் என்றுகூடப் பார்க்காமல் முழங்கையை வீசினேன். அவன் உதடு கிழிந்தது, ஒரு பல்லும் போனது.

அவன் வாய் கழுவப் போனான். நான் திட்டிக்கொண்டே பிரஷ்ஷை எடுத்தேன். அவன் இருபதாவது போல்ட்டில் விட்டிருந்தான். நான் முப்பத்தாறு வரை இழுத்துக்கொண்டே போய்விட்டேன். திரும்பி வந்தவன் எல்லாவற்றிலும் கோடு இருப்பதைப் பார்த்து, மீதியை நான் முறுக்கிவிட்டதாக நினைத்து அட்டையில் கையெழுத்துப் போட்டான். இரண்டாவது கிரேனிலும் அவன் ரத்தம் துப்ப எழுந்து எழுந்து போனான். அப்போதும் என் பிரஷ் நிற்கவில்லை. அதில் எத்தனை விட்டுப்போயின என்று எனக்குச் சத்தியமாகத் தெரியாது.

முதல் கிரேன் போன தளத்தில் ஆறாம் நாள் சுமையோடு திரும்பும்போது மேல்கூடு பிய்த்துக்கொண்டு விழுந்தது. ஆபரேட்டர் கேபினுக்குள்ளேயே நசுங்கிப் போனார். தகட்டை வெட்டித்தான் எடுத்தார்களாம். அவர் உங்கள் தளத்தில் சுமை கட்டும் மேஸ்திரியின் உடன்பிறந்த தம்பி என்பது உங்களுக்குத் தெரியும். பிறகு நடந்தது தெரிந்திருக்காது.

அடக்கம் முடிந்த மறுநாள் மேஸ்திரி நான்கு பேரோடு யார்டுக்கு வந்தார். கையில் இரும்புக் கம்பி. "எவன்டா போல்ட்டு முறுக்கினது?" என்று ஒரே கேள்விதான். நிதானம் முன்னால் வந்து, "நான்தாண்ணே முறுக்கினேன்" என்றான். அவனை இழுத்து, அவன் கைகள் இரண்டையும் பட்டறைக் கல்லின்மேல் வைத்து அடித்தார்கள். எலும்பு உடையும் சத்தம் வாசல்வரை கேட்டது. "கை ஆறட்டும், மிச்சத்துக்கு மறுபடி வரேன்" என்று சொல்லிவிட்டுப் போனார். ஹாரன் அடித்தவனை மோதி முகத்தை உடைத்த நான், அன்றைக்கு எண்ணெய் டிரம்முக்குப் பின்னால் நின்றேன்.

ஆஸ்பத்திரிக்குப் போனேன். இரண்டு கையிலும் கட்டு. "மீதி பதினாறு நீங்கதானே முறுக்கினீங்க? நான் முறுக்கினதுதான் தளர்ந்திருக்கணும்" என்று கேட்டான். ஆமாம் என்றேன், மாப்பிள்ளை. ஆமாம் என்று சொல்லிவிட்டு அவனுக்குக் கஞ்சி ஊட்டினேன்.

விபத்துக்குப் பிறகு எல்லாக் கிரேனையும் பார்க்கச் சொன்னார்கள். பார்த்தார்கள், கோட்டை மட்டும். என் கோடு எப்போதும் நேராகத்தான் இருக்கும். இரண்டாவது கிரேன் இதுவரை வேறொரு தளத்தில் வேலை தொடங்காமல் சும்மா நின்றதால் யாரும் சாகவில்லை. இன்று காலை அனுப்பும் பட்டியலில் அதற்கு நேராக உங்கள் தளத்தின் பெயரைப் பார்த்தேன். ஊரார் தம்பி செத்தபோது ஒன்பது நாள் மூடியிருந்த வாய், தங்கை புருஷன் என்றதும் திறக்கிறது. தூ என்று நீங்கள் துப்பினாலும் துடைத்துக்கொள்ள வேண்டியதுதான். இதை எழுதி முடித்ததும் நேராக விசாரணை அதிகாரியிடம்தான் போகிறேன்.

நீங்கள் செய்ய வேண்டியது இது. பழைய பெயின்ட்டைத் தின்னர் போட்டுச் சுத்தமாகத் துடையுங்கள். என் ஸ்பானரால் முப்பத்தாறையும் ஒவ்வொன்றாகச் சோதியுங்கள். சோதிக்கும்போது மேஸ்திரியைப் பக்கத்தில் நிறுத்திக்கொள்ளுங்கள். எத்தனை தளர்ந்திருக்கின்றன என்று அவரே எண்ணட்டும். அந்தக் கொக்கிக்குக் கீழே நிற்கப் போகிறவர் அவர்தானே.

எண்ணி முடித்ததும் இந்தக் கடிதத்தை அவர் கையில் கொடுங்கள். அவர் என்னைத் தேடிப் புறப்பட்டால் தடுக்காதீர்கள், சமாதானமும் பேசாதீர்கள். ஆஸ்பத்திரிப் பக்கம் மட்டும் போக வேண்டாம், அங்கே படுத்திருப்பவன் பொய் சொல்லாதவன் என்று சொல்லுங்கள். என்னை அதிகாரிகள் கூட்டிப்போகாமல் இருந்தால் யார்டில்தான் இருப்பேன். டிரம்முக்குப் பின்னால் இருக்க மாட்டேன்.

தங்கையிடம் நீங்களே பக்குவமாகச் சொல்லுங்கள். அவளும் குழந்தையும் சுகம்தானே? நீங்கள் மூன்று பேரும் நூறு வருடம் நன்றாக இருக்க வேண்டும். ஒன்றே ஒன்று கேட்கிறேன், மாப்பிள்ளை: முறுக்கி முடித்த பிறகு கோடு போடுங்கள். முறுக்கிய கையாலேயே போடுங்கள்.

இப்படிக்கு,
கோடு மட்டும் போட்ட உங்கள் மச்சான்