பின்னிருக்கையில் இருந்தவனுக்கு

1. சாம்பல் புதன்: உன் கணையத்தில் புற்று என்று மருத்துவர் சொன்னதை என்னிடம் மறைத்தாய்.
2. ஈஸ்டருக்கு மறுநாள்: இருவர் அமரும் கயாக் படகு ஒன்றைக் கழிமுகத்தில் வாடகைக்கு எடுத்து, என்னை முன்னிருக்கையில் உட்காரவைத்தாய்.
3. மாதா கோயில் கொடியேற்ற நாள்: முன்னறிவிப்பின்றி இறந்துபோனாய்.
4. உன் முப்பதாம் நாள் பூசை: நான் சொல்லாத ஒன்றை நான் சொன்னதாக உன் மனைவியிடம் நீ கூறியிருந்தது தெரியவந்தது.

கப்பல் முகவர் அலுவலகத்தில், நனைந்த சரக்குக்கும் உடைந்த பெட்டிக்கும் முறையீடு எழுதியே நரைத்தவன் நான். குற்றங்களை வரிசைப்படுத்தாமல் எனக்குக் கடிதம் எழுத வராது. நீ சிரிப்பாய். சிரித்துக்கொள். உன்னை மன்னிக்கும் உத்தேசம் எனக்கில்லை.

இன்று காலை அதே கழிமுகத்தில் அதே ஆரஞ்சு நிற லைஃப் ஜாக்கெட்டை மாட்டினேன். முழுதாய்க் காயாத நுரைப்பஞ்சின் புளித்த வாடை. வாரை இறுக்கியதும் என் பின்னால் நீ மூச்சு விட்டாய். நான் திரும்பவில்லை.

அன்று படகை வாடகைக்கு விடும் வாடகைக்காரர் உன்னை ஏற இறங்கப் பார்த்தார். "கனமான ஆளு பின்னால இருந்தாத்தான் திருப்ப முடியும் அண்ணாச்சி. நீங்க மெலிஞ்சிருக்கிய, முன்னால இருங்க."

"கடக்கரையில பொறந்தவன முன்னால ஒக்கார வச்சிட்டு, வயக்காட்டான்ட்ட சுக்கானக் குடுக்கச் சொல்லுதியளோ?" என்று அவரைச் சிரிக்கவைத்தாய். கப்பலின் என்ஜின் அறையில் பாதி ஆயுளைக் கழித்த உன்னிடம், நெல்வயல் கிராமத்தான் என்ன வாதாட முடியும்?

"நடுவுல மட்டும் திரும்பிப் பாக்காதிய. மொதத் தடவ வாரவுக அப்படித்தான் கவுத்துருதாவ" என்று சொல்லி அவர் நம்மைத் தள்ளிவிட்டார்.

கடலை நெருங்கிச் சோம்பிப் பரந்து கிடந்தது தாமிரபரணி. இடுப்பளவுத் தண்ணீர், இருபுறமும் அலையாத்திப் புதர்கள். என் துடுப்பு உன் துடுப்பில் இடித்தது.

"ஏலே, நெல்லா தூத்துத? தண்ணிய மெல்ல இழுல."

"நீ வாய மூடிட்டுத் தள்ளு."

சற்று நேரத்தில், ஆறு வளையும் இடத்தில், உன் துடுப்பின் ஓசை நின்றது. படகு என் கைகளில் கனத்தது.

"என்னல, தூங்கிட்டியா?"

"இல்லல. ஒன் முதுகப் பாத்துட்டு வாரேன்."

"முதுகுல என்னல இருக்கு?"

"திரும்பாத. கவுந்துரும்."

அதன்பின் நீ பேசவில்லை. சோம்பேறி என்று உன்னைத் திட்டியபடியே கரைவரை நான் ஒருவனாய் இழுத்தேன். இறங்கியபோது உன் கண்கள் சிவந்திருந்தன. உப்புத் தண்ணீர் தெறித்துவிட்டது என்றாய். நம்பினேன்.

முப்பதாம் நாள் பூசை முடிந்ததும் உன் மனைவி என் கைகளைப் பற்றிக்கொண்டாள்.

"ஆத்துல வச்சு ஒங்கள்ட்ட எல்லாத்தையும் சொல்லிட்டேன்னு சொன்னாவ அண்ணே. நீங்க சொன்ன பதிலத்தான் கடைசி வர பிடிச்சிட்டுக் கெடந்தாவ. 'அவன் அப்படிச் சொன்ன பொறவு எனக்குப் பயமில்ல'ன்னாவ. அண்ணன் என்ன சொன்னாவன்னு கேட்டா, 'அவன்ட்டயே கேளு'ன்னுட்டாவ."

கொஞ்சம் நிறுத்தி, "கல்லறைத் திருநாளுக்கு வந்து அத எங்கிட்டயும் சொல்லுங்கண்ணே. எனக்கும் பயமாத்தான் இருக்கு" என்றாள்.

நான் தலையசைத்தேன். வேறென்ன செய்ய விட்டாய் நீ?

இன்று பின்னிருக்கையைக் கேட்டு வாங்கினேன். வாடகைக்காரர் முன்னால் அமர்ந்தார். நீ துடுப்பை நிறுத்திய அந்த வளைவில் நானும் நிறுத்தி, மடியில் வைத்துக்கொண்டு அவர் முதுகைப் பார்த்தேன். வியர்வை, வார், நரைத்த பிடரி. முகத்திடம் சொல்ல முடியாத எதையும் ஒரு முதுகிடம் சொல்லிவிடலாம் போலத்தான் இருந்தது. ஆனால் அது எனக்குப் பதில் எதுவும் சொல்லவில்லை. என் முதுகு மட்டும் உனக்கு என்ன சொன்னது?

எனக்குப் பின்னால் ஆற்றைத் தவிர ஒன்றுமில்லை. ஆனாலும் அங்கே ஒரு துடுப்பு தண்ணீரைத் தொட்டது. திரும்பாதே என்ற உன் சொல்லைச் சுமந்துகொண்டுதான் இப்போதெல்லாம் படியேறுகிறேன், தெருவில் நடக்கிறேன்.

நவம்பர் இரண்டாம் தேதி உன் கல்லறையருகே அவள் மெழுகுவர்த்தியோடு எனக்காகக் காத்திருப்பாள். ஆகவே, அன்று ஆற்றில் நான் உன்னிடம் என்ன சொன்னேன் என்பதை, நவம்பர் ஒன்றாம் தேதி மாலைக்குள் எழுத்து மூலம் எனக்குத் தெரிவிக்கவும். அந்த ஒரு வாக்கியம் போதும். சமாதானங்கள் ஏற்கப்படமாட்டா.