வாசலில் தூங்கிய குழந்தை

தங்கச்சிக்கு,

நம் பாட்டி அன்று பயந்தாள். கதவைத் தட்டியவருக்கெல்லாம் கறுப்பு ரொட்டி அறுத்துக் கொடுத்தவள் அவள்.

நீ பிறக்காத காலம். ஜெர்மன்காரர்கள் நம் டேனிஷ் ஊரைப் பிடித்து, யூதர்களைத் தேடிய அக்டோபர். ஸ்வீடனுக்குப் படகு கிடைக்கும்வரை ஒரு தம்பதியைப் பரணில் ஒளித்திருந்தாள். ஆனால் அவர்களுடைய கைக்குழந்தையை, நம் ஊர் வழக்கப்படி நம்மையெல்லாம் தூங்க வைத்தது போலவே, தள்ளுவண்டியில் போட்டு வாசல் குளிரில் தூங்க வைத்துவிட்டாள். பழக்கதோஷம். சிப்பாய் ஒருவன் வேலிக்கதவைத் திறந்தபோதுதான் அவளுக்கு உறைத்தது.

அவன் வண்டிக்குள் குனிந்தான். பாட்டியிடம் அரைகுறை டேனிஷில் கேட்டான். "யார் குழந்தை?"

"என்னோடதுன்னா நம்பவா போற? பேரன். மெதுவாப் பேசு தம்பி. முழிச்சா நீதான் தாலாட்டணும்."

அவன் சிரிக்கவில்லை. குழந்தை விழித்து வீறிட்டது. உள்ளே பரண் ஏணி கிறீச்சிட்டது. தாய் இறங்குகிறாள். பாட்டியின் பக்கத்தில் நின்ற எனக்கும் அது கேட்டது.

பாட்டி சிப்பாயைப் பார்த்தபடியே, வீடு முழுக்கக் கேட்கும்படி கத்தினாள்: "அழட்டும்! யாரும் தூக்க வேணாம்! காத்து பட்டா தானா தூங்கிடுவான்!"

ஏணி அடங்கியது. குழந்தை மட்டும் அழுதுகொண்டே இருந்தது. காதைத் தேய்த்துக்கொண்டு அவன் போய்விட்டான்.

பாட்டி குழந்தையைத் தூக்கிப்போய்த் தாயிடம் கொடுத்தாள். பிறகு இறங்கி வந்து, தெருவிலிருந்து பார்ப்பவனுக்குப் பேரன் இன்னும் தூங்குவதாகத் தோன்றட்டும் என்று, காலி வண்டியை மறுபடி வாசலிலேயே நிறுத்தினாள்.

உன் அக்கா