விபத்தில்லா மாதத்துக் கறிச்சோறு

சார்,

இன்று மத்தியானம் மாப்பிள்ளை தன் தொழிற்சாலையிலிருந்து பிரியாணிப் பொட்டலத்தோடு வந்தார். இந்த மாதம் ஒரு விபத்தும் இல்லையாம், அதற்குப் பரிசாம். பிரித்ததும் எழுந்த கறி வாசத்தில் நான் மூக்கைப் பொத்திக்கொண்டேன். மகளுக்குக் காரணம் தெரியாது. உங்களுக்குத் தெரியும்.

எழுபதுகளில் தூத்துக்குடித் துறைமுகத்தில் நம் சரக்குக் கம்பெனிக்கு நான் கட்டுப்போடும் கம்பவுண்டர். நீங்கள் சென்னையில் மனோதத்துவம் படித்துவிட்டு வந்த பாதுகாப்பு அதிகாரி. லோடுமேன்கள் உங்களை ‘மனசு ஆபீசர்’ என்று கேலி பேசுவார்கள். திட்டினால் மனிதன் மாறமாட்டான், ஆசை காட்டினால் மாறுவான் என்பீர்கள். மாதம் முழுக்கக் காயமே படாத குழுவுக்கு ஆடு வெட்டிச் சோறு என்று அறிவித்தீர்கள். அதன்பின் காயமென்று ஒருவரும் வராமல் நான் என் அறையில் ஈ ஓட்டினேன். நிர்வாகம் உங்களைத் தலையில் தூக்கி வைத்து ஆடியது. டீக்கடைப் பக்கம் நொண்டி நடப்பவர்கள் கூடிக்கொண்டே போனது நம் இருவர் கண்ணிலும் பட்டது, உறைக்கவில்லை.

முதல் விருந்தில் சேவியர் என்ற லோடுமேனுக்கு மேஸ்திரி சோறு ஊட்டிக்கொண்டிருந்தார். பக்கத்தில் இருந்தவர்கள் புது மாப்பிள்ளை என்று சிரித்தார்கள். நீங்கள் சிரிக்கவில்லை.

“சோறு கிடக்கட்டும்ல. கையைக் காட்டு.”

அவன் கையில் சுற்றியிருந்த துண்டை இறுக்கிக்கொண்டான். நீங்கள் உருவினீர்கள். சரக்குத் தூக்கும் விஞ்ச் வடத்தில் நசுங்கிச் சில நாளாகியிருந்த கை, விரல்கள் கறுத்து, சீழ் நாற்றம் கறி வாசத்தை அமுக்கியது. அடிபட்டு அலறியபோது குழுவினரே வாயில் சாக்கைத் திணித்தார்களாம். அவனே பிறகு சொன்னான்.

கொதிக்கிற குழம்பு அண்டாவை எட்டி உதைத்தீர்கள். அது மணலில் கொட்டியதும் மேஸ்திரி அடுப்பிலிருந்து விறகை உருவி உங்கள் மண்டையில் இறக்கினார். விழுந்தவரை மிதித்தார்கள். “ஒரு மாசம் பல்லைக் கடிச்சிட்டு இருந்தோம். எங்க சோத்துல மண்ணள்ளிப் போட்டுட்டானே!” என்று ஒருவன் உங்கள் விலாவில் குதித்தான். எலும்பு முறிந்த சத்தம் எனக்குக் கேட்டது. மேலே விழுந்து மறைத்த எனக்கும் முதுகில் நாலு விழுந்தது.

ஆஸ்பத்திரியில், சேவியருக்கு மணிக்கட்டோடு கையை எடுத்துவிட்டார்கள் என்று கேட்டதும் அழுதீர்கள். போலீசில் எழுதிக் கொடுங்கள் என்றேன்.

“அவங்க மேல என்ன தப்புவே? காயத்தை மறைச்சா கறிச்சோறுன்னு சொன்னது நாந்தான?”

தலைக் கட்டோடு திரும்பி வந்து பரிசைப் புரட்டிப் போட்டீர்கள். காயத்தை உடனே சொல்லி, எப்படிப் பட்டது என்றும் சொல்கிற குழுவுக்கே இனி விருந்து. அடிபட்டவனுக்கு விருந்தா என்று நிர்வாகம் குதித்தது. முதலில் ஒருவனும் வரவில்லை. பிறகு ஒரு காலை, உங்கள் மண்டையைப் பிளந்த அதே மேஸ்திரி ஒருவனைப் பிடரியில் தள்ளிக்கொண்டு வந்தார். “நகம் பேந்து கெடக்கு, சொல்ல மாட்டேங்கான். பாரும்” என்றார். அதன்பின் எனக்குச் சாப்பிட நேரமில்லை. நான் இருந்தவரை இன்னொருவன் கையை இழக்கவில்லை.

நீங்கள் கண்மூடி வருடங்களாகிவிட்டன. இன்று மாப்பிள்ளை வலது கையை மடியில் வைத்துக்கொண்டு மகளிடம் ஸ்பூன் கேட்டார். பிரியாணிக்கு ஸ்பூன் கேட்கிற ஆளில்லை அவர். நான் பொட்டலத்தைத் தள்ளி வைத்தேன்.

“சோறு கிடக்கட்டும் மாப்ளே. கையைக் காட்டுங்க.”

கட்டுப் போட்டுவிட்டுத்தான் இதை எழுதுகிறேன், சார். அந்தப் பரிசையும் புரட்டிப் போடச் சொல்ல நாளை அவரோடு நானும் தொழிற்சாலைக்குப் போகிறேன். அங்கும் யாராவது விறகை உருவினால் உருவட்டும்.