நாற்காலித் துணியின் நிறம்

சென்னை,
4-2-1937

அன்புமிக்க தண்டாயுதபாணி அவர்களுக்கு, மாரியப்பன் வணக்கம். இங்கே கடையிலும் பட்டறையிலும் எல்லோரும் சௌக்கியம்.

நீங்கள் நெய்து அனுப்பிய பச்சை இலை, சிவப்புப் பூத் துணியைச் சோபாவில் தைத்து வாசலில் வைத்தேன். அன்றைக்கே மூன்று பேர் விலை கேட்டார்கள். நாற்காலி செய்வது நான். வருகிறவர்கள் தடவிப் பார்ப்பது உங்கள் துணியை! வீட்டில் சொல்லி உங்கள் கண்ணுக்குச் சுற்றிப் போடச் சொல்லுங்கள். கடையின் விலைப்பட்டியலில் உங்கள் பெயரையும் அச்சிட்டிருக்கிறேன்.

அடுத்த துணிக்கு ஊடை நூல் இன்னும் தடிப்பாக இருக்கட்டும். உட்கார்ந்து எழுந்தால் தேய்கிறது. ஒருமுறை வீட்டாரோடு சென்னைக்கு வாருங்கள். எத்தனை தரம்தான் அழைப்பது?

தங்கள்,
மாரியப்பன்

அம்மாபேட்டை, சேலம்,
11-2-1937

மதிப்பிற்குரிய மாரியப்பன் அவர்களுக்கு,

உங்கள் கடிதத்தைத் தெருவில் நாலு பேருக்குப் படித்துக் காட்டினேன். ஊடையை இரட்டை இழையாக்கிவிடுகிறேன். நிறத்தைப் பற்றிக் கவலை வேண்டாம்; அது எனக்குக் கைவந்தது.

வீட்டில் பத்து நாளாகக் காய்ச்சல். மருந்து நடக்கிறது. அவளுக்கு ரயில் பயணம் ஒத்துக்கொள்ளாது, மன்னிக்கவும்.

இப்படிக்கு,
தண்டாயுதபாணி

சென்னை,
20-5-1937

அன்புமிக்க தண்டாயுதபாணி அவர்களுக்கு,

மூன்று மாதமாகக் கடிதமில்லை. இப்போது வந்திருக்கும் மாதிரித் துணியைப் பார்த்துச் சிரிப்பதா அழுவதா என்றே தெரியவில்லை. இலையெல்லாம் சிவப்பு, பூவெல்லாம் பச்சை! காத்திருந்த பங்களாக்காரர் வேண்டாம் என்று போய்விட்டார்.

உடம்புக்கு ஏதாவதா? கோபத்தில் கேட்கவில்லை, கவலையில் கேட்கிறேன்.

மாரியப்பன்

அம்மாபேட்டை,
26-5-1937

ஐயா,

மாசிக் கடைசியில் கமலவேணி போய்விட்டாள். என் மனைவி. இத்தனை வருஷம் எழுதியும் அவள் பெயரை உங்களுக்கு எழுதியதில்லை.

எனக்குச் சிவப்பும் பச்சையும் ஒன்றாகத்தான் தெரியும். பிறவியிலிருந்தே அப்படி. எட்டு வருஷமாக நிறம் பார்த்ததெல்லாம் அவள். கட்டம் போட்ட காகிதத்தில் பூவை வரைந்ததும் அவள்தான். நான் நெய்தேன், பெயரை வாங்கிக்கொண்டேன். இப்போது யாரிடமாவது கேட்டால் குட்டு வெளிப்பட்டுவிடும் என்று நானே நூலை எடுத்து நெய்தேன். உங்களுக்கு வந்தது அதுதான்.

நீங்கள் அழைத்தபோதெல்லாம் கேட்பாள்: “ஏனுங்க, என்னையும் கூட்டிட்டுப் போங்க. நம்ம துணி போட்ட நாற்காலிய ஒரே ஒருக்காப் பாத்துட்டு வாரனுங்க.” ரயிலில் அவளுக்கு ஒன்றும் ஆகாது. உங்களோடு ஐந்து நிமிஷம் பேசினால் போதும், நிறம் பார்ப்பது யார் என்று உங்களுக்குத் தெரிந்துவிடும். அதனால்தான் அழைத்து வரவில்லை. காய்ச்சலிலும் கேட்டாள். என் மேல் எனக்கே அருவருப்பாக இருக்கிறது.

பட்டியலில் என் பெயரை எடுத்துவிட்டு அவள் பெயரைப் போடுங்கள்.

தண்டாயுதபாணி

சென்னை,
15-6-1937

தண்டாயுதபாணி அவர்களுக்கு,

பெயரை மாற்றி அச்சடித்தாயிற்று. ஒரு பிரதி இத்துடன் வருகிறது.

நிறம் தெரியாது என்று முன்பே சொல்லியிருந்தால் சிரித்துவிட்டு, இருவருக்கும் ரயில் டிக்கெட் அனுப்பியிருப்பேன். இப்போது பழையபடி உங்களுக்கு எழுத எனக்கு மனம் வரவில்லை. துணிக்கு வேறு ஆள் பார்த்துக்கொள்கிறேன்.

நேற்று ஓர் அம்மாள் அந்தச் சோபாவில் உட்கார்ந்து பட்டியலைப் புரட்டிக்கொண்டே, “இந்தக் கமலவேணி எப்படி இருப்பாங்க?” என்று கேட்டார். நான் பார்த்ததில்லை என்றேன்.

மாரியப்பன்