உதடு படாத தண்ணீர்

சமையலறை அலமாரியைத் துடைக்கும்போது அந்த பாட்டில் அகப்பட்டது. முக்கால் லிட்டர் அளவில் மகளின் பழைய நகப்பூச்சால் நான் இழுத்த சிவப்புக் கோடு அப்படியே இருக்கிறது. எறியவும் மனமில்லை, திரும்ப வைக்கவும் கை வரவில்லை. தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

உன் சிறுநீரகம் இரண்டும் ஏறக்குறைய நின்றுபோய்விட்டன என்றார் டாக்டர். டயாலிசிஸை உன் இருதயம் தாங்குமா என்பதும் சந்தேகம் என்றார். நீ யோசிக்கவே இல்லை. "ஆத்துலயே இருந்துடறேன். என்னை எங்கயும் கொண்டுபோகாதேங்கோ" என்றாய். தண்ணீர், காபி, ரசம் எல்லாம் சேர்த்து நாளைக்கு முக்கால் லிட்டர். மீறினால் நுரையீரலில் நீர் கோத்து மூச்சு முட்டும். முப்பது வருஷம் ஊருக்குக் குடிநீர் விடும் ஆபீஸில் வேலை பார்த்தவனுக்கு, பெண்டாட்டிக்குத் தண்ணீர் அளக்கும் உத்தியோகம் வந்தது.

அதை ரொம்பக் கண்டிப்பாகவே பார்த்தேன். மூச்சு முட்டும் என்ற பயம் என்னை ஆட்டிவைத்தது. ஒருநாள் காலை, வாய் கொப்பளித்த தண்ணீரை நீ விழுங்குவதைப் பார்த்துவிட்டு, ஸ்ரீவராகம் தெருவுக்கே கேட்கும்படி கத்தினேன். நீ திரும்பக் கத்தவில்லை. "குடிக்கறதெல்லாம் நேரே தொண்டைக்குப் போயிடறது. நாக்குல நிக்கமாட்டேங்கறது" என்றாய். சாக்குச் சொல்கிறாய் என்று நினைத்து, நான் அதைக் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை.

வாரம் ஒருமுறை வீட்டுக்கு வந்து பார்க்கும் மலையாள நர்ஸ்தான் கண்டுபிடித்தாள். மாத்திரையைப் போட்டுக்கொண்டு, அண்ணாந்து, டம்ளரைத் தூக்கி ஒரே வீச்சில் ஊற்றிக்கொண்டாய். நமக்குப் பிறந்ததிலிருந்து அப்படித்தான். டம்ளரில் உதடு பட்டால் எச்சில். வெடித்துக் கிடந்த உன் உதட்டில் ஒரு சொட்டுக்கூடப் படவில்லை.

"ஐயோ அம்மா, இப்படிக் குடிச்சா தாகம் மாறில்லல்லோ! கிளாஸை சுண்டுல வெச்சு, குறைச்சு குறைச்சாயிட்டு குடிக்கணும், கேட்டோ" என்று தன் உதட்டைத் தொட்டுக் காட்டினாள்.

அதே முக்கால் லிட்டர்தான். உறிஞ்சிக் குடித்தால் நாள் முழுக்க நாக்கை நனைத்திருக்கும். சொட்டுச் சொட்டாக அளந்தவன், நீ குடிப்பதை ஒருநாளும் சரியாகப் பார்க்கவில்லை.

நீ மாட்டவே மாட்டேன் என்றாய். "இத்தனை வயசுக்கு மேல எச்சில் பண்ணிக் குடிக்கணுமா?" அவள் போன பிறகு, உன் கண்ணெதிரேயே டம்ளரை உதட்டில் வைத்து ஒரு வாய் உறிஞ்சிவிட்டு நீட்டினேன். "ஆம்படையான் எச்சில்தானே, தோஷமில்லை. குடி."

"கர்மம், கர்மம்" என்று தலையில் அடித்துக்கொண்டாய். அப்புறம் சிரித்தாய். பிறகு கண்ணை மூடிக்கொண்டு உறிஞ்சினாய். அந்த முதல் வாயை விழுங்காமல் எவ்வளவு நேரம் வைத்திருந்தாய்! ஐந்து மாதம் உன்னை இப்படித் தவிக்க விட்டிருக்கிறேன். அன்றிலிருந்து முதல் வாய் என்னுடையது, மீதி உன்னுடையது என்று வழக்கமாயிற்று.

கடைசி நாள் மத்தியானம், இனி அளக்க வேண்டாம் என்று நர்ஸ் சொல்லிவிட்டாள். டம்ளர் நிறையக் கொண்டுவந்தேன். வழக்கம்போல நான் உறிஞ்சப் போனபோது என் கையைப் பிடித்தாய். நீயே முதலில் உதட்டை நனைத்துக்கொண்டு, டம்ளரை என் பக்கம் தள்ளினாய்.

"போறும். நன்னாயிருக்கு. மீதியை நீங்க குடிங்கோ. என் எச்சில், பரவாயில்லையோன்னோ?"

ஒரு சொட்டு விடாமல் குடித்தேன்.

இப்போதெல்லாம் நான் தூக்கிக் குடிப்பதில்லை. வருகிறவர்கள் முகம் சுளிக்கிறார்கள், சுளிக்கட்டும். பாட்டிலைக் கழுவி, கோடு வரை தண்ணீர் பிடித்து மேஜைமேல் வைத்துக்கொண்டேன். ஒவ்வொரு வாயும் நாக்கில் நின்ற பிறகே விழுங்குகிறேன். நான் கத்திய அன்று காலை நீ சொன்னது இப்போதுதான் என் காதில் விழுகிறது.